இடது பக்கம் ஒரு முகம்

எங்கள் கதவு நிலையத்தில் வேலை பார்க்கும் நால்வருக்கும் ஒரு வினோதமான பழக்கம். எந்தக் காரியத்தைத் தொடங்கினாலும் ஒரு கணம் இடது பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். வேலையில் மட்டும் என்றால் பரவாயில்லை. கேன்டீனில் சாம்பார் வாளிக்குள் கரண்டியை விடுவதற்கு முன்னும் பார்ப்பார்கள். லோகு தன் கல்யாணத்தில் தாலியைக் கையில் வாங்கியதும் இடது பக்கம் பார்த்தான். பெண் உட்கார்ந்திருந்தது வலது பக்கம். இடது பக்கம் நின்றது வீடியோக்காரர். அவரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு தாலி கட்டியது போலத்தான் அந்த வீடியோவில் தெரியும். அவன் மாமியார் வீட்டில் இன்றைக்கும் அதைப் போட்டுப் போட்டுச் சிரிக்கிறார்கள்.

எல்லாம் கையேற்றத்தால் வந்த வினை. தேர்ந்த ஒருவருடைய கையில் இருக்கும் வித்தையைப் பதிவு செய்து, இன்னொருவர் தலையில் தொப்பியை மாட்டி, அவர் கைக்குள் இறக்கிவிடுவதற்குப் பெயர் கையேற்றம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தால் காபி வருவதற்குள் வேலை முடிந்துவிடும். நேற்றுவரை ஸ்க்ரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடித்த கை, இன்று கதவைப் பதினைந்து வருஷம் இயக்கிய கைபோல நகரும். வித்தையைக் கொடுத்தவருக்கு மூலக்கை என்று பெயர். எங்கள் நிலையத்து மூலக்கை அமலோற்பவம் என்ற பெண்மணி. அவருடைய கை நான்கு பேருக்குப் போனது. கைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார். ஒரு கை போதும் என்றான பிறகு ஆள் எதற்கு?

கதவு என்றால் வீட்டுக் கதவு இல்லை. எண்ணூர் முகத்துவாரத்தில், ஆறு கடலைச் சேரும் இடத்தில், மாடி உயரத்துக்கு நிற்கும் நான்கு இரும்புக் கதவுகள். கடல் ஏறிவிட்ட பிறகு எங்கள் பக்கம் யாரும் கீழ்த்தளத்தில் குடியிருப்பதில்லை. நானே கத்திவாக்கத்தில் இரண்டாவது மாடியில் இருந்து படகில்தான் வேலைக்கு வருகிறேன். கடல் பொங்கினால் கதவுகளை இறக்க வேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்தால், கடல் கொஞ்சம் தணிகிற நேரம் பார்த்து ஏற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்து வருகிற நாளில் எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்பதில்தான் எங்கள் பகுதி மொத்தத்தின் உயிரும் இருக்கிறது. சாதாரண நாளில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அது படுத்துக்கொண்டால் நான்கு பேரும் கையால் நெம்புகோலை இழுத்து இயக்க வேண்டும்.

என் பெயர் கமலவேணி. இந்த நிலையத்தின் பயிற்சி அதிகாரி. கையேற்றம் வந்த காலத்தில் பயிற்சி அதிகாரி என்றால், மின்சார ரயிலில் கரி அள்ளிப் போடுகிறவன் மாதிரி. சம்பளம் உண்டு, வேலை கிடையாது. என்னை நியமித்ததும் எனக்காக இல்லை. பணியாளர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வாரம் அரைமணி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்று புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. அந்த அரைமணிக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

தலைமைப் பொறியாளர் ஆராவமுதன் முதல் நாளே என்னை உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். நல்ல மனிதர். யாரையும் நீ என்று சொல்லமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். அதனாலேயே அவரோடு சண்டை போடுவது கஷ்டம்.

"ஒருத்தர் பதினஞ்சு வருஷம் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டதை ஒரு மத்தியானத்துல ஏத்திடறோம். இதுக்கு மேல அவங்க ஒருத்தர்கிட்ட ஒருத்தர் என்ன கத்துக்கப் போறாங்க? நாலு பேர் கையும் ஒரே கை."

"அப்ப எனக்கு என்ன சார் வேலை?"

"சட்டம் கேக்குது. நாலு பேரையும் சேர்த்து உட்காரவெச்சு ஒரு ஃபோட்டோ எடுத்துடுங்க."

அதோடு இன்னொன்றும் சொன்னார். பொங்கலுக்குள் அந்த அரைமணியால் ஏதாவது பிரயோஜனம் என்று நான் காட்டினால் சரி. இல்லையென்றால் தை பிறந்ததும் நால்வருக்கும் தனித்தனி அறை கட்டிவிடுவார். பயிற்சிப் பிரிவையும் மூடிவிடுவார். தனி அறைக்குக் காரணம் அந்த இடது பக்கப் பார்வைதான். ஒரு நொடி வீணாகிறது என்று அவருக்குத் தீராத எரிச்சல். பதிவிலிருந்து அதை வெட்டி எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். வெட்டினால் கை மொத்தமும் நடுங்க ஆரம்பித்துவிடுகிறதாம். அதனால் சுவர் எழுப்பத் திட்டம். இடது பக்கம் திரும்பினால் வெள்ளைச் சுவர் தெரியும், நாளடைவில் பழக்கம் விட்டுப்போகும் என்பது கணக்கு.

எனக்கு வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். நாலு பேரை நாலு பெட்டிக்குள் அடைத்துவிட்டு ஊரின் உயிரை அவர்கள் கையில் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அதுதான் என் பிரச்சினை.

முதலில் நான் செய்ததெல்லாம் படுதோல்வி. படம் போட்டுக் காட்டினேன், தூங்கினார்கள். பந்தை ஒருவரிடமிருந்து ஒருவர் பிடித்து விளையாடச் சொன்னேன். நான்கு கையும் ஒரே கை என்பதால் ஒரு தடவைகூடப் பந்து கீழே விழவில்லை, விளையாட்டும் முடியவில்லை. வட்டமாக உட்கார்ந்து அனுபவங்களைச் சொல்லுங்கள் என்றேன். ஒவ்வொருவரும் இடது பக்கம் இருப்பவர் முதலில் ஆரம்பிக்கட்டும் என்று திரும்பிப் பார்த்தார்கள். அரைமணி நேரம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

வழி காட்டியது எபினேசரின் வாய். ஆவணியில் ஒரு மழை சாயங்காலம், கேன்டீனில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று காலை தான் படகு மாறி ஏறித் தூங்கிப்போய்ப் பழவேற்காட்டில் இறங்கிய கதையை அவன் சொன்னான். எல்லோருக்கும் சிரிப்பு. உடனே தமயந்தி, வீட்டில் பாலுக்கு உறை ஊற்றுவதாக நினைத்து இட்லி மாவை ஊற்றியதைச் சொன்னாள். லோகு அதைவிடப் பெரிதாக ஒன்று சொன்னான். மாதக்கணக்கில் என்னிடம் வாய் திறக்காத கூட்டம், பஜ்ஜி ஆறிப்போகும் வரை பேசித் தீர்த்தது.

அங்கேயே எனக்கு உறைத்தது. இவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்று. அதைப் பேச என்ன இருக்கிறது? தப்புகள்தான் அவரவர்க்குச் சொந்தம்.

அடுத்த வாரமே சட்டம் போட்டேன். அரைமணி கேன்டீனுக்கு மாறியது. ஒரு தப்பைச் சொன்னால் ஒரு பஜ்ஜி. வீட்டுத் தப்புக்கு வாழைக்காய், வேலையில் செய்த தப்புக்கு மிளகாய். தப்பே செய்யாத உத்தமர்களுக்கு வெறும் டீ. இன்னொரு விதியும் வைத்தேன்: கேட்பவர்கள் யாரும் புத்தி சொல்லக் கூடாது, "ஏன்?" என்று மட்டும்தான் கேட்கலாம். நம் ஊரில் ஒருவர் தலைவலி என்று வாயைத் திறந்தால் சுற்றியிருக்கும் எட்டுப் பேரும் டாக்டராகிவிடுவார்கள். அப்புறம் தலைவலிக்காரர் வாயைத் திறப்பாரா?

ஆராவமுதன் ஒருநாள் எட்டிப் பார்த்தார். எபினேசர் பஜ்ஜிக்காகக் கற்பனையில் தப்பு செய்துகொண்டிருந்த நேரம் அது. என்னை வெளியே கூப்பிட்டு, பயிற்சி எப்போது ஆரம்பிக்கும் என்று மிக மரியாதையாகக் கேட்டார். இதுதான் சார் பயிற்சி என்றேன். எண்ணெய்ப் பலகாரம் உடம்புக்கு ஆகாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான்கு பேரில் ஷாகிரா மட்டும் பஜ்ஜியைத் தொட்டதே இல்லை. வாரா வாரம் வெறும் டீயோடு உட்கார்ந்திருப்பாள். கெட்டிக்காரி, அழுத்தக்காரி, ஒன்றாம் கதவு அவளுடையது. புரட்டாசியில் ஒரு வாரம், யாரும் எதுவும் சொல்வதற்கு முன் கையை நீட்டித் தட்டிலிருந்து மிளகாய் பஜ்ஜியை எடுத்தாள். இடது பக்கம் பார்க்காமல் எடுத்தாள். அதிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆடி மாசம் கடல் பொங்கிச்சே, அன்னிக்கு கரன்ட் போனது என்னாலதான்" என்றாள்.

அந்த நாள் எங்கள் எல்லோருக்கும் நினைவிருந்தது. கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க நிறுத்தி வைத்திருந்த நேரம் பார்த்துக் கடல் எழும்பியது. நால்வரும் கையால் கதவுகளை இறக்கப் போனார்கள். மோட்டார் ஓடத் தொடங்கிய கணத்தில் நிலையம் மொத்தமும் இருண்டுவிட்டது. மின்சாரம் திரும்பி, கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பிக் கதவுகளை இறக்குவதற்குள் கடல் உள்ளே வந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தின் முதல் மாடிவரை தண்ணீர் ஏறி, பிள்ளைகளை ஜன்னல் வழியாகப் படகில் இறக்கினார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்கோளாறு என்று காரணம் எழுதிக் கதையை முடித்தார்கள்.

"கோளாறு ஒண்ணும் இல்ல. நான் அவசரப்பட்டு இழுத்தேன். இழுத்த அந்த நிமிஷமே கரன்ட் போச்சு. அது என் பொண்ணு படிக்கிற ஸ்கூல் மேடம். ஜன்னல்ல இருந்து அவளை இறக்கினாங்க. ராத்திரி எங்கிட்ட வந்து, கதவு ஏம்மா லேட்டுன்னு கேட்டா. அவ மூஞ்சியப் பாக்க முடியல. இந்த மாசத்தோட வேலைய விட்டுடறேன்."

எபினேசர் வாயருகே கொண்டுபோன பஜ்ஜியைத் தட்டில் வைத்தான். "நீ இல்ல ஷாகிரா. நான்தான் அது. நான் இழுத்தப்பதான் கரன்ட் போச்சு."

லோகு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான். தமயந்திக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இரண்டு மாதமாக ஒவ்வொருவரும் தன்னால்தான் ஊர் மூழ்கியது என்று உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் சிரித்துப் பேசியிருக்கிறார்கள். எனக்கு ஆறுதல் சொல்ல வாய் வந்தது. ஆனால் விதி விதிதான். நான் "ஏன்?" என்றேன். "ஏன் நாலு பேருக்கும் அப்படித் தோணுச்சு?"

லோகு மெதுவாகச் சொன்னான்: "ஏன்னா நாலு பேரும் ஒரே நேரத்துல இழுத்தோம்."

"ஏன்?"

"ஏன்னா..." அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எங்க நாலு பேர் கையும் ஒரே கை மேடம்."

விஷயம் அவ்வளவுதான். அத்தனை பெரிய மோட்டார்கள் நான்கும் ஒரே கணத்தில் கிளம்பினால் எந்த மின்சாரமும் தாங்காது. சாதாரண நாளில் கம்ப்யூட்டர் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பும். அமலோற்பவம் காலத்தில் இருந்தது ஒரே ஒரு கதவு. அதனால் அந்தக் கைக்கு இந்தத் தொல்லை தெரியவே தெரியாது. தெரியாததை எப்படி ஏற்றுவார்கள்? யாராவது ஒருவர் தனியாக உட்கார்ந்து யோசித்திருந்தால் ஆயுள் முழுக்கத் தன் தப்பு என்றேதான் நினைத்திருப்பார். நான்கு பேரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்ததால்தான் வெளிவந்தது.

நான் ஓடிப்போய் ஆராவமுதனிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். நல்ல கண்டுபிடிப்பு என்று பாராட்டினார். பிறகு, இனிமேல் கம்ப்யூட்டர் நிற்காதபடி இரண்டாவதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றார். தனி அறை விஷயம் என்னாயிற்று என்று கேட்டேன். அதில் மாற்றமில்லை என்றார்.

"நாலு பேரும் ஒரே கணத்துல இழுக்கறாங்கன்னா கையேற்றம் அவ்வளவு துல்லியமா இருக்குன்னுதானே அர்த்தம்?"

எனக்கு வந்த கோபத்தில் கதவைச் சாத்திய சத்தம் ஆற்றின் அக்கரைக்குக் கேட்டிருக்கும்.

ஷாகிரா வேலையை விடவில்லை. மகளிடம் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். அந்தச் சிறுமி, அப்படியானால் அடுத்த தடவை யார் முதலில் இழுப்பீர்கள் என்று கேட்டிருக்கிறாள். மறுநாள் ஷாகிரா அதையே கேன்டீனில் கேட்டாள். அன்றிலிருந்து எனக்கு வேலை குறைந்துவிட்டது. அவர்களே கேட்டுக்கொண்டார்கள், அவர்களே மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

ஒருவர் மோட்டார் சீராக ஓடத் தொடங்கியதும் அடுத்தவர் இழுக்க வேண்டும். யார் சொல்வது? புயலில் பேச்சு காதில் விழாது. அப்போது தமயந்திதான், எப்படியும் எல்லோரும் இடது பக்கம் பார்க்கத்தானே போகிறோம் என்றாள். இடது பக்கம் இருப்பவர் தன் மோட்டார் ஓடியதும் தலையை ஆட்டட்டும், அதைப் பார்த்த பிறகு நாம் இழுக்கலாம். அருமையான யோசனை. ஒரே சிக்கல், மேஜைகள் வரிசையாகக் கிடந்தன. ஷாகிராவுக்கு இடது பக்கம் தண்ணீர் கேன்தான் இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. கட்டுப்பாட்டு அறையைக் கழுவித் துடைக்க மேஜைகளையெல்லாம் நகர்த்தினோம். நெம்புகோலுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, திரும்பப் போடும்போது மேஜைகளை வட்டமாகப் போட்டுவிட்டோம். ஷாகிராவுக்கு இடது பக்கம் இப்போது தமயந்தி. லோகுவுக்கு இடது பக்கம் ஷாகிரா, எபினேசருக்கு இடது பக்கம் லோகு, தமயந்திக்கு எபினேசர். பூஜை போட்ட இடத்திலிருந்து உடனே நகர்த்தக் கூடாது என்று நான் ஆராவமுதனிடம் அடித்துச் சொன்னேன். அப்படி ஒரு சாஸ்திரம் எங்கும் இல்லை. அவர் நம்பினாரோ, தையில் எப்படியும் பிரிக்கப் போகிறோம் என்று விட்டுவிட்டாரோ தெரியாது.

கம்ப்யூட்டரை நிறுத்திப் பழக அனுமதி கிடைக்காது. எனவே சாம்பார் வாளியை நடுவில் வைத்து, கரண்டிகளை நெம்புகோலாக வைத்துப் பழகினார்கள். கடைசி ஆள் தமயந்தி முதல் ஆள் ஷாகிராவுக்குத் தலையாட்டித் தொடங்கிவைக்க வேண்டும். அங்கிருந்து தலையாட்டல் ஒரு சுற்று வரும். முதல் வாரம் முழுக்க எல்லோர் சட்டையிலும் சாம்பார்.

கார்த்திகையில் புயல் வந்தது. விடியும்போதே வானம் மண்ணைப் பிசைந்து பூசிய நிறத்தில் கிடந்தது. மேலே ஏரிகளைத் திறந்துவிட்டார்கள். ஆறு முழு வேகத்தில் வருகிறது, எதிரே கடல் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி அடிக்கிறது. கதவுகளை இறக்கி வைத்திருந்தோம். ஆற்றுத் தண்ணீர் போக வழியில்லாமல் கதவுக்குப் பின்னால் ஏறிக்கொண்டே இருந்தது. முதல் மாடிகளில் இருந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். ஷாகிராவின் மகள் பள்ளிக்கூடத்து இரண்டாவது மாடியில் மற்றப் பிள்ளைகளோடு இருந்தாள். என் அம்மா கத்திவாக்கத்தில் தனியாக இருந்தாள்.

ஆராவமுதன் எங்களோடுதான் நின்றார். கடல் தணிகிற நேரத்துக்காக எல்லோரும் காத்திருந்தோம். அப்போது ஒரு பேரலை வந்து பக்கத்து அறையின் ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. கம்ப்யூட்டர் இருந்த அறை. இரண்டாவது கம்ப்யூட்டரையும் முதலாவதின் பக்கத்திலேயே, அதே மேஜையில், அதே உயரத்தில்தான் வைத்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து போயின.

சரியாக அந்த நேரம் பார்த்துக் கடல் தணிந்தது. கொஞ்ச நேரம்தான் தணியும், உடனே திறந்தாக வேண்டும். நால்வரும் நெம்புகோலில் கை வைத்தார்கள். வைத்துவிட்டு இடது பக்கம் திரும்பினார்கள்.

ஆராவமுதன் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "யாரையும் பாக்காதீங்க! இழுங்க!"

ஷாகிரா திரும்பாமலே சொன்னாள்: "சார், கொஞ்ச நேரம் பேசாம இருங்க."

தமயந்தி தலையாட்டினாள். ஷாகிரா இழுத்தாள். ஒன்றாம் கதவின் மோட்டார் உறுமி, திணறி, ஒரு சீருக்கு வந்தது. அவள் தலையாட்டினாள். லோகு இழுத்தான். எபினேசர் கண்ணைக் கொட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். லோகு தலையை ஆட்டவில்லை. இல்லை என்று அசைத்தான்.

"ஏன்?" என்று எபினேசர் கத்தினான்.

"மோட்டார் முனகுது. அடியில ஏதோ கட்டை மாட்டியிருக்கு. இறக்கிட்டு மறுபடி ஏத்தறேன்."

அந்தக் கணத்தில் எபினேசரின் கையும் தமயந்தியின் கையும் தானாக இழுத்திருந்தால் நிலையம் இருண்டிருக்கும், அதோடு எல்லாம் முடிந்திருக்கும். தனி அறையில் இருந்திருந்தால் இழுத்துத்தான் இருப்பார்கள். இவர்கள் காத்திருந்தார்கள். லோகு கதவை இறக்கி, குலுக்கி, மறுபடி ஏற்றினான். கட்டை விடுபட்டு மோட்டார் சீராக ஓடியதும் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. தலையாட்டவே தேவையிருக்கவில்லை. எபினேசர் இழுத்தான், தமயந்தி இழுத்தாள். நான்கு கதவுகளும் ஏறின. அத்தனை நேரம் அடைபட்டுக் கிடந்த ஆறு இரைச்சலோடு கடலுக்குள் பாய்ந்தது. அந்த இரைச்சலைக் கேட்டு நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

கடல் திரும்ப எழுந்தது, இறக்கினார்கள். தணிந்தது, ஏற்றினார்கள். மத்தியானம்வரை அந்தத் தலையாட்டல் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு தடவைகூட விளக்கு அணையவில்லை. புயல் கரையைக் கடந்தபோது கத்திவாக்கத்தில் ஒரு வீட்டுப் படுக்கையறையில்கூடத் தண்ணீர் நுழைந்திருக்கவில்லை. சாயங்காலம் ஷாகிரா படகில் போய் மகளை அழைத்துவந்து கட்டுப்பாட்டு அறையைக் காட்டினாள். இன்றைக்குக் கதவு லேட் இல்லை என்று அந்தப் பெண் சான்றிதழ் கொடுத்தாள்.

ஆராவமுதன் வட்டத்துக்கு நடுவில் வெகுநேரம் நின்று, நான்கு மேஜைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். தனி அறைக்கு வந்து இறங்கியிருந்த பலகைகளைத் திருப்பி அனுப்பிவிட்டதாக மறுநாள் ஸ்டோர்க்காரர் சொன்னார்.

தை மாதத்தில் பாராட்டு விழா. சிறப்பு விருந்தினராக அமலோற்பவத்தை அழைத்தது நான்தான். தெற்கே மணப்பாட்டிலிருந்து வந்திருந்தார். கையேற்றத்துக்குப் பிறகு எந்தக் கதவு நிலையமும் அவரைக் கூப்பிடவில்லையாம், அவருடைய கைதான் பதிவில் இருக்கிறதே. அங்கே ஒரு மீன் வலைக் கம்பெனியில் மேற்பார்வை வேலையில் இருந்தார். நல்ல உயரம், கணீர் குரல். தன் கை நான்கு உடம்புகளில் நடமாடுவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

விழா முடிந்து கேன்டீனுக்கு வந்தோம். பஜ்ஜித் தட்டை நீட்டினார்கள். எடுக்கப் போன அமலோற்பவம் ஒரு கணம் இடது பக்கம் பார்த்தார். நால்வரும் ஓவென்று கூச்சல் போட்டார்கள்.

எபினேசர்தான் கேட்டான். "ஏன் அக்கா இடது பக்கம் பாக்கறீங்க? உங்களால எங்க மானமே போகுது."

"ஏன் போகாது? என் தோஷம் உங்களைப் பிடிச்சிருக்கு" என்று சிரித்தவர், பஜ்ஜியை எடுக்காமல் கையை இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "எனக்கு இடப்பக்கம் ஒரு பையன் உக்காந்திருந்தான். புதுசா வந்த இஞ்சினீயரு. கதவப் பத்தி ஒண்ணும் தெரியாது. நான் கைய வெச்சா போதும், ஏன்க்கா இப்ப தொறக்கிற, ஏன்க்கா இன்னும் பொறுக்கிறன்னு உசுர எடுத்துருவான். பதில் சொல்லணுமேன்னு நான் யோசிப்பேன். பாதி நேரம் அவனுக்குச் சொல்லும்போதுதான் எனக்கே வெளங்கும். அவன் மொகத்துல புரிஞ்ச களை வந்தாத்தான் என் கை நகரும். நல்லா செஞ்சேன்னு என்னைச் சொல்றாங்க. நான் தனியா ஒருநாளும் செஞ்சதில்ல."

"அப்ப அந்தப் பையன் கையையும் பதிவு பண்ணியிருக்கணுமே" என்றாள் ஷாகிரா.

"பதிவு நடந்த அன்னிக்கு அவன் உள்ளயே வரல. நான் ஒவ்வொரு தடவையும் இடப்பக்கம் திரும்பித் தேடினேன். நாற்காலி காலியாக் கெடந்துச்சு. அதத்தான் நீங்க வாங்கியிருக்கீங்க."

எட்டு வருஷமோ பத்து வருஷமோ, இந்த நால்வரும் அந்தக் காலி நாற்காலியைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சாம்பார் வாளியிலும் கல்யாண மேடையிலும்.

யார் அக்கா அந்தப் பையன் என்று நான் கேட்டேன். அமலோற்பவம் பதில் சொல்லாமல் இடது பக்கம் திரும்பினார். அங்கே ஆராவமுதன் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"என்ன தம்பி, இப்பல்லாம் யாரையும் ஏன்னு கேக்கிறதில்லையாமே?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் உங்களைத் தொந்தரவு பண்றேன்னு நெனச்சேன் அக்கா. நான் பக்கத்துல இல்லாம இருந்தா உங்க கை இன்னும் சுத்தமாப் பதிவாகும்னு நெனச்சேன். அதான் அன்னிக்கு வெளிய போய் நின்னேன்."

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, தான் ஒரு தப்பைச் சொல்ல வேண்டும் என்றார். வேலையில் செய்த தப்பா, வீட்டுத் தப்பா என்று எபினேசர் கறாராகக் கேட்டான். வேலையில்தான் என்றார். தமயந்தி இருப்பதிலேயே பெரிய மிளகாய் பஜ்ஜியாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தாள். ஷாகிரா நாற்காலியை இழுத்து அமலோற்பவத்தின் இடது பக்கம் போட்டாள். ஆராவமுதன் அதில் உட்கார்ந்தார்.

நால்வரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் கேட்டார்கள்.

"ஏன் சார்?"